வாசனை போன வில்லாளி

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் நானும் தம்பியும் அபிஷேகப்பாக்கத்திலிருந்து பாகூருக்குக் கிளம்பிவிடுவோம். அங்கே என் தோழி வீட்டு மாடியறையில் பாய் விரித்து நான்கு பேரும் விளையாட உட்காருவோம். அது அவள் பெங்களூரில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டு வந்த விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடமாடுவார்கள். கதவு உடைந்ததா, வெட்டு விழுந்ததா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்லும். கதையை நடத்துபவள் தோழி. அவள் கணவர் வாள்வீரர், என் தம்பி வில்லாளி, நான் வைத்தியச்சி. அவளும் நானும் ஒன்றாக ஃபார்மசி படித்தவர்கள். நான் வில்லியனூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்கிறேன். அதனால் விளையாட்டிலும் மருந்து கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

கரும்பு வெட்டும் பருவத்தில் ஒரு நாள், டிராக்டரிலிருந்து சரிந்து சாலையில் கிடந்த கரும்புக் கழியில் என் ஸ்கூட்டி ஏறியது. மணிக்கட்டு உடைந்தது. பின்மண்டை தார்ச்சாலையில் மோதியது. ஹெல்மெட் போட்டிருந்தேன், வாரை மாட்டவில்லை. அது எனக்கு முன்னால் உருண்டு போனதைப் பார்த்த நினைவு இருக்கிறது.

மாவுக்கட்டோடு மறுபடி விளையாடப் போன அன்று, கதையில் வாள்வீரர் மதிலிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். விளையாட்டுப் புத்தகத்தின் விதிப்படி, ஒரு இரவு தூங்கி எழுந்தால் எந்தக் காயமும் ஆறிவிடும். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது.

"இன்னாடி இது? ஒரு ராத்திரி தூங்குனா எலும்பு கூடிடுமா? எனக்கு சட்டை பட்டன் போட முடியல, அம்மா போட்டு வுடறாங்க."

தோழி புத்தகத்தை மூடினாள். "அப்ப நீயே சொல்லு, எப்படி ஆறணும்னு. நம்ம வூட்டுக்குன்னு தனியா ரூல் வெச்சிக்கலாம்."

அதற்குப் பிறகு வேலை முடிந்த சாயங்காலங்களில் அவளே வண்டியில் வந்து என்னை அழைத்துப் போவாள். பாகூர் ஏரிக்கரையில் உட்கார்ந்து விதிகளைப் பேசுவோம். மந்திரம் ரத்தத்தை நிறுத்தும், அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. உடைந்த கையால் கதையில் ஒரு பருவம் முடியும்வரை வில் பிடிக்க முடியாது. ஓய்வெடுக்காமல் சண்டைக்குப் போனால் தையல் பிரியும். விபத்துக்குப் பிறகு நான் சந்தோஷமாக இருந்த நேரங்கள் அவைதான்.

அப்படி ஒரு மாலையில்தான் யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். அடிபட்டதிலிருந்து எனக்கு வாசனை தெரியவில்லை. டாக்டர், திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்று என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். வீட்டில் சொன்னால் வண்டிச் சாவியோடு அடுப்படியையும் அம்மா பிடுங்கிக்கொள்வாள் என்று மறைத்துவிட்டேன்.

"சாம்பார் ஊசிப்போச்சான்னு அம்மா மூஞ்சிய பாத்துதான்டி தெரிஞ்சிக்கறேன்" என்றேன். "கடையில பக்கத்துல நிக்கறவங்களுக்கு என்மேல வேர்வை நாத்தம் வருமோன்னு கெளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு வாட்டி குளிக்கறேன். யார்கிட்டயும் சொல்லிடாத."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ச்சீ, நான் போய் சொல்லுவனா?"

புதிய விதிகளோடு விளையாட்டு சூடு பிடித்தது. அடுத்து வந்த ஞாயிறுகளில் ஒன்றில், ஒரு பூதத்தின் தடி தம்பியின் வில்லாளியைத் தலையில் தாக்கியது. காயம் என்னவென்று முடிவு செய்யத் தம்பி பகடையை உருட்டினான். மூன்றுதான் விழுந்தது. எண் குறைந்தால் காயம் மோசம்.

தோழி குரலைத் தாழ்த்தினாள். கதை சொல்வதில் அவள் கெட்டிக்காரி. "உன் காயம் வெளிய தெரியாது. ரத்தம் கூட இல்ல. ஆனா உனக்கு இனிமே வாசனை தெரியாது."

தம்பிக்குக் குஷி வந்துவிட்டது. எழுந்து நின்று தன் அக்குளை முகர்ந்து, "ஆஹா, மல்லிப்பூ!" என்றான். அவள் கணவர் பாயில் உருண்டு சிரித்தார். நான் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தோழியைப் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"இத நீ யாருக்கும் சொல்ல மாட்ட" என்று தொடர்ந்தாள். "கறி ஊசிப்போச்சான்னு பக்கத்துல சாப்பிடறவன் மூஞ்சிய பாத்துதான் தெரிஞ்சிக்குவ. நாலு பேர் இருக்கற எடத்துக்கு போறதுக்கு முன்னாடி ரெண்டு வாட்டி குளிப்ப."

ஏரிக்கரையில் நான் சொன்ன வார்த்தைகள். ஒன்றைக்கூட அவள் வீணாக்கவில்லை.

தம்பியின் சிரிப்பு நின்றது. மெதுவாக உட்கார்ந்தான். "யக்கா" என்றான். "அன்னிக்கி சாயந்தரம் கேஸ் லீக் ஆயி வூடே நாறுச்சே. நீ அடுப்பு பக்கத்துலயே நின்னுனு இருந்த. நான் வந்துதான மூடனேன்."

அவள் கணவர் பகடையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். மாடிப்படியில் தோழி என் தோளைத் தொட்டாள்.

"உன் பேர எங்கயாவது சொன்னனாடி? வில்லாளிக்குதான சொன்னேன்."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு எங்கிட்ட சொன்ன."

"நீதான எல்லாம் நெஜமா இருக்கணும்னு சொன்ன" என்றாள். அவள் முகத்தில் குற்ற உணர்ச்சி இருந்திருந்தால் அப்போதே மன்னித்திருப்பேன். நல்ல காட்சி ஒன்று பாதியில் கெட்டுப்போன வருத்தம்தான் இருந்தது.

திரும்பும் வழியில் தம்பி வண்டியை மெதுவாக ஓட்டினான். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொல்லிவிட்டான். அவன்மேல் தப்பில்லை, அந்தக் கேஸ் அவனை உண்மையாகவே பயமுறுத்தியிருந்தது. அம்மா அழுதாள். மறுநாளிலிருந்து நான் அடுப்படிக்குள் நுழைந்தால் பின்னாலேயே அவளும் வந்தாள். நான் கலக்கும் காப்பிக்குப் பாலை அவள் முகர்ந்த பிறகே ஊற்றுவாள். அன்பாகத்தான் செய்தாள். நான் சமைப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே தோழியிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது: "அந்த வாசனை ரூல தூக்கிட்டேன். வந்துடு." படித்ததும் மனசு கொஞ்சம் இளகியது. அடுத்த ஞாயிறு போகலாமா என்றுகூட யோசித்தேன்.

நான் போகாவிட்டாலும் தம்பி போய்க்கொண்டிருந்தான். வேண்டாமென்று நானும் சொல்லவில்லை. ஒரு நாள் திரும்பி வந்தவன் சாப்பிட்டபடியே பேச்சுவாக்கில் சொன்னான்: "இன்னிக்கி செம்ம. பூதத்தோட குகையில அழுகின பொணம் கெடக்குது, எல்லாரும் மூக்க பொத்தினு வெளிய ஓடறாங்க. நான் மட்டும் உள்ள போயி புதையல எடுத்துனு வந்துட்டேன்."

"அந்த ரூல தூக்கிட்டதா சொன்னாளே?"

அவன் கை தட்டிலேயே நின்றது. "அது... எல்லாருக்கும் புடிச்சிருக்குன்னு வெச்சிக்கினாங்கக்கா. உங்கிட்ட சொல்ல வேணாம்னு அக்காதான் சொன்னாங்க."

அவளையும் அவன் அக்கா என்றுதான் கூப்பிடுவான். அன்று அந்த வார்த்தை என்னைச் சுட்டது. இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள், எனக்கு எது தெரிய வேண்டும், எது தெரியக் கூடாது என்று.

மழைக்காலம் தொடங்கியபோது எனக்குக் கொஞ்சம் வாசனை திரும்பியது. ஆனால் கோணலாக. காப்பி, சோப்பு, மல்லி எல்லாமே கருகிய ரப்பர் மாதிரி அடித்தது. நரம்பு ஒட்டத் தொடங்கினால் முதலில் அப்படித்தான் இருக்குமாம். நல்ல அறிகுறி என்றார் டாக்டர். வெளியே வந்ததும் என் விரல் தானாகப் போனில் அவள் பெயரைத் தேடியது. தேடியதை உணர்ந்ததும் போனைப் பையில் போட்டுவிட்டேன்.

சில நாள் கழித்து மதகடிப்பட்டு பஸ் ஸ்டாப்பில் அவளே எதிரில் வந்தாள். இளைத்திருந்தாள். என் கட்டுப் பிரித்த கையைப் பார்த்தாள். அவள் தலையில் வைத்திருந்த மல்லிச்சரம், அருகில் வந்தபோது, ரப்பராக வீசியது.

"இப்ப எப்படிடி இருக்கு?" என்றாள். "ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணும் இல்ல" என்றேன். "அப்படியேதான் இருக்கு."

வில்லியனூர் பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.