இறால் விற்கும் அக்காவின் செபம்

அந்தச் சிரிப்பு முதலில் என் வாயிலிருந்துதான் வந்தது. மாரிகாலத்துப் பின்னேரமொன்றில், என் வீட்டு விறாந்தையில் கண்களை மூடி இருந்த ஆறேழு பேருக்கு நடுவில் அது வெடித்துவிட்டது. எத்தனையோ வருடங்கள் போய்விட்டன. நினைத்தால் இன்றும் காது சூடாகிறது.

யுத்தத்துக்கு முந்திய காலம். எங்கள் தேவாலயம் வாவிக்கு அக்கரையில் இருந்தது. மாரியில் காற்றும் வெள்ளமும் கூடினால் தோணி போகாது. மேற்குக் கரையான படுவான்கரையில் இருந்த நாங்கள் சில குடும்பத்தார் வாரக்கணக்கில் ஆராதனை இல்லாமல் கிடப்போம். தேவாலயத்து உபதேசியார்தான், "கோயிலுக்குப் போக ஏலாட்டி என்ன? வியாழக்கிழமையில ஒரு வீட்டில கூடுங்க. வேதம் வாசிங்க, ஆளுக்கொரு செபம் பண்ணுங்க" என்று சொல்லி என் வீட்டைக் காட்டினார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் அங்கே வாசிக்கத் தெரிந்தவன் நான்தான். அச்சடித்த செபப் புத்தகம் ஒன்று வைத்திருந்தேன். அதைப் பார்த்து நான் வாசிப்பேன். மற்றவர்கள் ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ஆளுக்கொரு செபம் என்ற பேச்சே இல்லை.

நாலாவது வாரம் வாய் திறந்தவர் இறால் விற்கும் அக்கா. கைம்பெண், எழுத்து வாசனை இல்லாதவர். அவருடைய ஒரே மகள் நிறைமாதமாக இருந்தாள். அவளுக்கு முதல் பிள்ளை பிறந்த அன்றே இறந்துபோயிருந்தது. அக்கா சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, "இயேசு ராசா, கொஞ்சம் இஞ்சால பாருங்க மனே" என்று தொடங்கினார். 'மனே' என்பது எங்கள் பக்கத்தில் பெற்ற பிள்ளையைக் கொஞ்சிக் கூப்பிடுகிற சொல். ஆண்டவரை அப்படிக் கூப்பிட்டதும் எனக்கு அடக்க முடியவில்லை. நான் சிரிக்க, மற்றவர்களும் சிரித்தார்கள். அக்கா செபத்தைப் பாதியில் விட்டு எழும்பிப் போய்விட்டார்.

அடுத்த வியாழன் அவர் வரவில்லை. "பயந்து போய், மகளுக்காகக் கேட்க வந்த மனிசி அது. நீங்கதான் முதல் சிரிச்ச. நீங்கதான் போய்க் கூட்டி வரணும்" என்றாள் என் மனைவி.

போனேன். அக்கா கரையோரம் குந்தியிருந்து இறாலைப் பெரிசு சிறிசாகப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மன்னிச்சுக்கங்க அக்கா. வியாழக்கிழமை வாங்க."

"என்னத்துக்குத் தம்பி? உங்கட ஆண்டவருக்குப் புத்தகத் தமிழ்தானே விளங்கும்."

நான் போகாமல் நின்றேன். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "சரி, வாறன். ஆனா நீங்க புத்தகத்த மூடி வச்சிட்டு என்ட மகளுக்காகக் கேளுங்க. நான் இருந்து சிரிக்கிறன்."

சொன்னபடி வந்தார். புத்தகமில்லாமல் நான் ஒருநாளும் பிறர் முன்னால் செபித்ததில்லை. "ஆண்டவரே, இந்த அக்காட மகள்..." என்று தொடங்கினேன். அதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை. கூரையில் மழைச் சத்தம் மட்டும். அவர் சிரிக்கட்டும், வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று இருந்தேன். அக்கா பெருமூச்சு விட்டார்.

"இவருக்குச் சொல்லத் தெரியல்ல மனே. நான் சொல்றன், கேளுங்க."

பிறகு மகளின் இடுப்பு வலியையும், போன பிள்ளையின் முகத்தையும், மருத்துவிச்சி வீடு தூரம் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் முடித்ததும், அதுவரை ஆமென் மட்டுமே சொல்லிவந்த தோணிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் தகப்பனின் காய்ச்சலைச் சொன்னார். அதன்பின் என் மனைவி.

மாரி முடியுமுன் மகளுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். தோணி திரும்ப ஓடத் தொடங்கியும் நாங்கள் வியாழக்கிழமையை விடவில்லை. இப்போது அக்கா கர்த்தரிடம் போய்விட்டார். கூட்டம் மூன்று வீடுகளில் நடக்கிறது. இளம் பிள்ளைகள் தங்குதடையில்லாமல் செபிக்கிறார்கள். என் முறை வந்தால் இன்றும் நடுவில் சொல் நின்றுவிடும். அவர்கள் கண்ணைத் திறக்காமல், அது வரும்வரை காத்திருக்கிறார்கள்.