இரண்டாவது கைதட்டல்

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. காதில் பூச்சுற்றுகிறாள் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தம் கிடையாது. நானும் உங்கள் கட்சியில்தான் இருந்தேன். நான் நாடகக்காரி. மேடைக்காக எத்தனையோ பேருக்குப் பேய் வேஷம் போட்டுவிட்டிருக்கிறேன். கண்ணுக்குக் கீழே கறுப்பு, உதட்டோரம் சிவப்பு, அவ்வளவுதான் பேய். யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால், அது என்ன மை போட்டிருந்தது என்று கேட்டுக் கிண்டல் செய்கிற ஆள்.

இப்போது கேட்பதில்லை.

விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஓவியமும் நடிப்பும் சொல்லிக்கொடுப்பேன். அந்த வருஷம் புதிதாக ஒரு ஹால் வாடகைக்குக் கிடைத்தது. தகரக் கூரை, முன்பக்கம் இழுத்து மூடுகிற ஷட்டர், பின்னால் ஒரு சின்னக் கழிப்பறை. ஜன்னல் கிடையாது. வாடகை குறைவு என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. மொத்தம் பதினோரு பிள்ளைகள். அதில் ஒருத்தி என் மகள், ஏழு வயது. அவள் வாய் ஓயாது. அவள் அப்பா அவளுக்கு வைத்த பெயர் 'வானொலி'. அவர் வேலை வெளியூரில். அவளை விட்டுவர வேறு ஆள் இல்லாததால் என்னோடு வருவாள்.

என் வகுப்பில் ஒரு பயிற்சி உண்டு. பெரிய பழுப்புத் தாளைத் தரையில் விரித்து ஒரு பிள்ளை படுக்கும். ஜோடிப் பிள்ளை கரித்துண்டால் உடம்பைச் சுற்றிக் கோடு இழுக்கும். அப்புறம் இடம் மாறிக்கொள்வார்கள். அந்தக் கோட்டுக்குள் தனக்குப் பிடித்த ஆளை வரைந்து வண்ணம் தீட்ட வேண்டும். ராஜா, டாக்டர், திருடன், யாராக இருந்தாலும் சரி. பிறகு நடிப்பு. எல்லோரும் அவரவர் படத்தின் மேல் கண்ணை மூடிப் படுக்க வேண்டும். நான் ஒருமுறை கை தட்டினால் அந்த ஆளாக எழுந்து நடக்கலாம், பேசலாம். இரண்டாவது முறை தட்டினால் திரும்பி வந்து, சொந்தக் கோட்டுக்குள் படுத்து, தானாக எழ வேண்டும். எழுந்தவர்களின் தலையைத் தொட்டு எண்ணித்தான் வீட்டுக்கு அனுப்புவேன். இரண்டாவது கைதட்டலை நான் ஒருநாளும் விட்டதில்லை. வேஷத்தோடு வீட்டுக்குப் போகக் கூடாது என்பது என் கறாரான விதி.

அன்று மாலை மழை. பதினோரு பேர் என்பதால் ஒரு பிள்ளைக்கு ஜோடி இருக்காது, வழக்கமாக அந்தப் பிள்ளைக்கு நான்தான் ஜோடி. அன்று வானொலி மிச்சம். ஒரு அம்மா வாசலில் நின்று, தன் பையன் ஏன் எப்போதும் திருடனாகவே நடிக்கிறான் என்று என்னைப் பிடித்துக்கொண்டார். அவரைச் சமாதானப்படுத்தித் திரும்பி வந்தால், வானொலியைச் சுற்றிக் கோடு ஏற்கெனவே இழுத்திருந்தது.

யார் வரைந்தது என்று கேட்டேன். பின்னாடி இருந்த பொண்ணு என்றாள். ஏதோ ஒரு பிள்ளை உதவி செய்திருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பக்கத்தில் இன்னொரு தாளும் இருந்தது. அது வானொலி வரைந்தது. அவளுக்கு இடது கைப் பழக்கம், கையே கோட்டைத் தேய்த்து அழித்துக்கொண்டு போகும். அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அந்த உருவம் ரொம்பச் சின்னது. என் வகுப்பில் அவ்வளவு சின்னப் பிள்ளை கிடையாது. மற்ற பிள்ளைகள் எல்லாம் கையைக் காலை விரித்துக்கொண்டு படுத்திருந்தார்கள். இது பக்கவாட்டில் சுருண்டு, முழங்கால் நெஞ்சோடு ஒட்டி... ஒரு கை மட்டும் தலைக்கு மேலே. உள்ளங்கை விரிந்து.

பிள்ளைகளுக்கு விதவிதமான குறும்பு. இதுவும் ஒன்று என்று நினைத்தேன்.

ஆறு மணி இருக்கும். எல்லோரையும் படுக்கச் சொன்னேன். கை தட்டினேன். ராஜா எழுந்தார், திருடன் எழுந்தான், டாக்டர் ஊசியோடு துரத்தினார். ஒரே ரகளை. சரியாக அப்போது கரண்ட் போனது.

மழைக்குப் பயந்து பெற்றோர்கள் குடையோடு வாசலில் நின்றிருந்தார்கள். கூச்சல், இருட்டு, செல்போன் வெளிச்சம். தலைகால் புரியாமல் ஒவ்வொரு பிள்ளையாகக் கையில் பிடித்துக் கொடுத்தேன். பத்துப் பேரும் போய்விட்டார்கள்.

சட்டென்று ஹால் அமைதியாகிவிட்டது.

வானொலி பேசவில்லை.

கூப்பிட்டேன். பதில் இல்லை. செல்போன் வெளிச்சத்தைத் திருப்பினேன். அவளுடைய தாளில் அவள் இல்லை.

பக்கத்துத் தாளில் இருந்தாள்.

சுருண்டு, முழங்கால் நெஞ்சோடு ஒட்டி. ஒரு கை தலைக்கு மேலே. அந்தக் கோட்டுக்குள் அச்சாக அடங்கியிருந்தாள். அவ்வளவு சின்னக் கோட்டுக்குள் அவள் எப்படி அடங்கினாள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

"ஏய், போதும் நடிச்சது. எழுந்திரு."

அசையவில்லை. குனிந்து தொட்டேன்.

சுட்டது.

காய்ச்சல் சூடு இல்லை. வெயிலில் காய்ந்த இரும்பைத் தொட்ட மாதிரி. தரையும் சுட்டது. வெளியே மழை கொட்டுகிறது, என் கால் ஈரத்தில் விறைத்திருக்கிறது, அந்தத் தாள் மட்டும் கொதித்தது. அவள் முடியெல்லாம் வியர்வையில் ஒட்டியிருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. மூச்சு வரவில்லை.

தூக்கப் பார்த்தேன். ஏழு வயதுக் குழந்தையை என்னால் அசைக்க முடியவில்லை.

"கண்ணாடி... தெறக்கல..."

வானொலியின் குரல் அல்ல அது. மழலை மாறாத குரல்.

என் பிள்ளை என் கண் முன்னால் மூச்சுக்குத் தவிக்கிறாள், நான் மரம் மாதிரி நிற்கிறேன். அப்போதுதான் உறைத்தது... நான் இரண்டாவது முறை கை தட்டவே இல்லை.

தட்டினேன். கையில் செல்போன் இருந்ததில் சத்தமே வரவில்லை.

அதைத் தரையில் வைத்துவிட்டு, மறுபடி. ஓங்கி.

டப்.

பக்கத்தில், என் மகளின் தாள் சரசரத்தது. அதன் மேலிருந்து ஏதோ எழுந்த மாதிரி.

நான் வெளிச்சத்தை அந்தப் பக்கம் திருப்பவில்லை.

அவள் உடம்பு தளர்ந்தது. அள்ளினேன். அவள் தாளில், அவள் கோட்டுக்குள் கிடத்தினேன். இன்னொரு முறை தட்டினேன்.

இருமினாள்.

"அம்மா... தண்ணி."

என் மகளின் குரல். அழுதுவிட்டேன். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். இன்னொரு தாளைத் திரும்பிப் பார்க்கவில்லை. யாரையும் எண்ணவில்லை. ஷட்டரை இழுத்துப் பூட்டினேன்.

பூட்டிய அடுத்த நொடி.

டப்... டப்...

உள்ளே இருந்து.

"அம்மா, அவ தட்டறா. அவளுக்கு தனியாப் படுக்க பயம்னா, அதான் இடம் மாத்திக்கிட்டோம். நீ யாரையும் விட்டுட்டுப் போக மாட்டேன்னு சொல்லிட்டேன்."

டப்... டப்... டப்...

"யாரும் இல்லடி. ஷட்டர் காத்துல ஆடுது. வா."

வீட்டுக்கு வந்தபோது மணி ஏழே கால். அன்றிரவு அவள் நன்றாகத் தூங்கினாள். நான் விளக்கை அணைக்கவில்லை.

மறுநாள் பகலில், பக்கத்துக் கட்டிடத்து செக்யூரிட்டிக்காரரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சாமான்களை எடுக்கப் போனேன். ஷட்டரைப் பாதி தூக்கியதும் அவர் கை நின்றுவிட்டது. ஷட்டரின் உள்பக்கம், என் இடுப்புக்கும் கீழே, கறுப்பாகச் சின்னச் சின்னக் கைகள். பத்து இருபது இருக்கும். தொட்டுப் பார்த்தேன். கரி. என் மகளைச் சுற்றிக் கோடு இழுத்த கரி.

அவர் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே சொன்னார். அந்த ஹால் முன்பு ஒரு நர்சரிப் பள்ளியின் வேன் ஷெட்டாக இருந்ததாம். ஒரு கோடை நாள் காலையில் எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டு, டிரைவர் வேனை உள்ளே விட்டுப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறார். கடைசி சீட்டுக்கு அடியில் ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. மூன்றரை வயதுப் பெண். இறங்கிய பிள்ளைகளை யாரும் எண்ணவில்லை. சாயங்காலம் திறந்தபோது, வேன் கதவருகே சுருண்டு கிடந்தாளாம். ஒரு கை மட்டும் கண்ணாடியில் ஒட்டியபடி.

அன்று யாருக்கும் எதுவும் கேட்கவில்லையா என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்குக் கேட்டுச்சும்மா. ரொம்ப நேரம். டப்பு டப்புனு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஷட்டர் காத்துல ஆடுதுன்னு நெனச்சுட்டேன்."