கீழே இறங்கிக்கொண்டே போன இரண்டாவது சுரம்

ரிஃப்கி அண்ணனைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊர் பெண்டிக்கில், இசைச் சங்கத்தில் ஊத் என்ற தந்தி வாத்தியம் வாசிக்கிறவர். பகலில் துஸ்லா கப்பல் கட்டும் தளத்தில் கிரைண்டர் பிடிக்கிறவர். வெல்டு வைத்த தகட்டை இழைக்கும்போது வரும் சத்தத்தைக் கேட்டே உள்ளே ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். அதைக் கேட்பதற்காக இடது காதுமூடியை மட்டும் தள்ளி வைத்துக்கொள்வார். இருபத்தாறு வருடமாக அப்படித்தான்.

மே மாதக் கச்சேரிக்கு உஷ்ஷாக் மகாமில், அதாவது அந்த ராகத்தில், ஒரு பழைய சாஸ் செமாயியைப் பழக ஆரம்பித்தார். பாட்டு கிடையாது, வாத்தியம் மட்டும். நாலு பகுதி, நாங்கள் வீடு என்போம். மூன்று வீடு பத்து அடியில் நொண்டி நொண்டி நடக்கும், நாலாவது ஆறு அடிக்கு மாறி ஓடும். தனியாகத் தொடங்கி வைப்பது ஊத். அந்த இடம் கிடைக்க அவர் பதினொரு வருடம் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

உஷ்ஷாக்கின் இரண்டாவது சுரத்தைத் தாளில் எழுதியிருக்கிற இடத்தில் வாசித்தால் சிரிப்போம். கொஞ்சம் கீழே வாசிக்க வேண்டும். எவ்வளவு கீழே என்று எந்தத் தாளிலும் இல்லை. ஊத்தின் கழுத்தில் வீணை மாதிரி மெட்டுகளும் இல்லை. விரலும் காதும்தான்.

மார்ச்சில் அவர் அந்தச் சுரத்தைத் தொட்டபோது குழுவை நடத்தும் வாஸ்ஃபி அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"அடப்பாவி, நெஞ்ச அறுக்குறியே ரிஃப்கி! கேட்டுக்கங்கடா, போன்ல சுருதி பாத்து வாசிக்கிற பயலுகளா!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த இரண்டு வாரமும் இன்னும் கீழே இறங்கினார். அப்போதும் கை தட்டினோம்.

கானூன் வாசிக்கும் பெதியா மட்டும் தட்டவில்லை. கானூனில் தந்திகளுக்கு அடியில் சின்னப் பித்தளைத் தகடுகள் உண்டு. அவற்றை ஏற்றி இறக்கித்தான் சுரத்தை நகர்த்த முடியும். மூன்றாவது வாரம் தேநீர் இடைவேளையில் அவள் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, கோச்சுக்காதீங்க. ஒங்களோட சேந்து வரணும்னு நான் ஒரு தகடு எறக்குனேன். போன வாரம் இன்னொன்னு. இன்னைக்கி மூணாவது. இன்னும் ஒன்னு எறக்குனா இது உஷ்ஷாக்கே இல்ல, வேற மகாம்."

"நான் எங்கம்மா எறக்குனேன்? அதே எடத்துலதான வைக்கிறேன்."

"இல்லண்ணே."

அவர் சிரித்தார். "ஒன் கானூனுக்கு வயசாயிடுச்சு."

"சரி, வலது காத மூடுங்க." அவள் ஒரு தந்தியை மீட்டினாள். "இப்ப இடத மூடுங்க." அதே தந்தியை மீண்டும் மீட்டினாள்.

அவர் முகத்தை நான் பார்த்தேன். ஒரே தந்தி. அவருக்கு இரண்டு காதிலும் இரண்டு சுரம்.

எந்தச் சுரம் எவ்வளவு கேட்கிறது என்று காது டாக்டர் கோடாக வரைந்து கொடுத்த படத்தை அவரே எங்களுக்குக் காட்டினார். இடது காதின் கோடு ஒரு இடத்தில் சரிந்து விழுந்திருந்தது. அதனால்தான் அந்தச் சுரம் அவருக்கு மேலே கேட்டது. சரி செய்வதாக நினைத்து விரலைக் கீழே நகர்த்திக்கொண்டே வந்திருக்கிறார். வலது காதின் கோட்டிலும் அதே இடத்தில் லேசாக ஒரு பள்ளம்.

"டாக்டர் என்னண்ணே சொன்னாரு?" என்று கேட்டேன்.

"நாளைக்கே வேலைய விடுன்னாரு. கப்பல் தண்ணியில எறங்கட்டும்னேன். ஆறு வாரந்தான?" என்றார். "வலது காது இருக்குடா. அதான் நல்ல காது. தளத்துல வெல்டு தகட்டயும் இப்ப அதுலதான் கேக்குறேன்."

பெதியா மட்டும் கேட்டாள்: "அப்ப வலது மூடியத் தள்ளி வெக்கிறீங்களா?"

அவர் படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

கச்சேரிக்கு நாலு நாள் முன்பு கடைசி ஒத்திகை. அவர் இடது காதில் பஞ்சு வைத்திருந்தார். முதல் வீடு அற்புதமாகப் போனது. சுரம் அதன் இடத்தில் இருந்தது. "போன மாசம் இருந்த ஆழம் இல்லியே ரிஃப்கி" என்று வாஸ்ஃபி அண்ணன் முனகினார். இரண்டாம் வீட்டின் நடுவில் ரிஃப்கி அண்ணன் நிறுத்திவிட்டார்.

"பெதியா, தகட்டத் தொட்டியா?"

"தொடலண்ணே."

"ஏத்திட்டம்மா. மேல கேக்குது."

அவள் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். தகடு பழைய இடத்திலேயே இருந்தது.

ரிஃப்கி அண்ணன் குனிந்து அந்தத் தகட்டைப் பார்த்தார். பிறகு என் தாளில் கிடந்த பென்சிலை எடுத்து அவளிடம் நீட்டினார். எங்களிடையே ஊத்தின் கழுத்தில் கோடு போடுவது முதல் மாதம் பழகுகிற குழந்தைகள்கூட ஒத்துக்கொள்ளாத அவமானம்.

"எந்த எடம்னு நீ கேட்டுச் சொல்லு. கோடு போடு."

"அண்ணே..."

"போடும்மா."

அவர் விரலை மெல்ல நகர்த்தினார். அவள் தலையசைத்த இடத்தில் பென்சில் கோடு விழுந்தது. வாஸ்ஃபி அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரிஃப்கி அண்ணன் வலது காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, கோட்டைப் பார்த்தபடி முதல் வீட்டிலிருந்து தொடங்கினார்.