குழிமுழுங்கிக்கு மூன்று வரி

என் அண்ணனின் சிநேகிதர் மேல் எனக்குப் பொறாமை. அண்ணன் இருந்தபோதே இருந்தது, இப்போது கூடிவிட்டது.

அண்ணனும் அவரும் பெரம்பலூரில் பாலிடெக்னிக் படித்தவர்கள். அவருக்கு ஊர் லப்பைக்குடிக்காடு. சனிக்கிழமை இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் அரியலூர் பக்கம் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். மறுநாள் மதியம் விளையாட்டு. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்களுக்கு அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம். பூதம் வந்தால் வெட்டுவதா ஓடுவதா என்று நாம் சொல்ல வேண்டும், பலித்ததா என்று இருபது முகம் உள்ள பகடை சொல்லும். கதை சொல்வது எப்போதும் அண்ணன். விளையாடுவது நான், அவர், லோடு ஆட்டோ ஓட்டும் பக்கத்து வீட்டு அண்ணன்.

அண்ணன் கையில் ஜெராக்ஸ் போட்டு பின் அடித்த புத்தகம் ஒன்று இருக்கும். இங்கிலீஷ். நான் ஒன்பதாவதோடு நின்றவள். எழுத்துக் கூட்டுவேன், அர்த்தம் தெரியாது. அவன் அதைப் பார்த்துத் தமிழில் படிப்பான். எனக்குப் பிடித்தது குழிமுழுங்கி என்ற பூதம். சுண்ணாம்புக்கல் தோண்டி விட்டுப்போன குழியில் இருக்கும். மழைத்தண்ணீர் பச்சையாகத் தேங்கினால் மேலே வரும். அதற்கு ஒரு தங்கச்சி உண்டு, அவள் கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்க்கும். சிப்பி அச்சு பதிந்த சிப்பிக்கல்லைத் தாண்டாது. இப்படி அரை மணி நேரம் படிப்பான். நடுவில் விரலை எச்சில் தொட்டுப் பக்கம் திருப்புவான். ஜெயங்கொண்டத்தில் நான் முந்திரி உடைக்கப் போகிற இடத்தில் இதையெல்லாம் சொல்வேன், புத்தகத்திலேயே போட்டிருக்கிறது என்று.

போன மழைக்காலத்தில் சிமெண்ட் லாரி அண்ணனின் வண்டி மேல் ஏறிவிட்டது. அவ்வளவுதான் அதைப் பற்றி என்னால் எழுத முடியும்.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு ஞாயிறு மதியம் சிநேகிதர் வந்தார். ஜெராக்ஸ் புத்தகம் அவரிடம்தான் இருந்தது. எடுத்து வரச் சொல்லி நான்தான் போன் செய்தேன். கூடவே இதே விளையாட்டுக்கான ஒரு தடித்த புத்தகமும் கொண்டு வந்தார், அவர் மாமா துபாயிலிருந்து வாங்கி வந்தது. லோடு ஆட்டோ அண்ணனும் வந்து உட்கார்ந்தார்.

"குழிமுழுங்கியப் படிங்க" என்றேன்.

படித்தார். குழியில் வாழும். இருட்டில் கண் தெரியும். வலு பதினெட்டு.

"மேல படிங்க."

"அவ்வளவுதான்."

"பக்கத்தத் திருப்புங்க."

"திருப்புனா அடுத்த பூதம் வருது, தங்கச்சி." என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒனக்குத் தெரியாதா? மிச்சமெல்லாம் அவனா அடிச்சு வுட்டது. பஸ்ஸு குன்னம் தாண்டுறதுக்குள்ள எங்கிட்ட சொல்லிப் பாத்துருவான். இது நல்லாருக்காடா, அது நல்லாருக்காடான்னு."

எனக்குப் படித்துக் காட்டியதை இவரிடம் முதலில் சொல்லிப் பார்த்திருக்கிறான். பொய் என்று இவருக்குத் தெரிந்திருக்கிறது, என்னிடம் மட்டும் பக்கம் திருப்பியிருக்கிறான். அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவரை அன்றைக்குப் பிறகு நான் அப்படிக் கூப்பிடுவதில்லை. வாங்க, போங்கதான்.

அவர் தடித்த புத்தகத்தை விரித்தார். அதில் ஒரு பூதத்துக்கு ஆறு பக்கம். என்ன தின்னும், எதற்குக் கோபம் வரும், எந்தக் குலம், யாரோடு பகை, எல்லாம்.

லோடு ஆட்டோ அண்ணன் எட்டிப் பார்த்தார். "ஆதார் நம்பர் மட்டுந்தான் போடல பாய்."

"போடட்டும்ண்ணே. புக்குன்னா இப்படித்தான் இருக்கணும்."

"இதுல எங்கண்ணன் எங்க பூருவான்?" என்றேன். "எல்லாத்தையும் அவங்களே எழுதிட்டா, கதை சொல்றவங்களுக்கு என்ன வேலை? மூணு வரி போதுங்க."

"மூணு வரிய வச்சு ஒங்கண்ணன் ஊரையே கட்டுவான். என்னால முடியல, தங்கச்சி. காலேஜ் பசங்களோட நாலு வாரம் முயற்சி பண்ணேன். பூதம் வருது, நிக்குது, அடி வாங்குது, சாவுது. எல்லாருக்கும் அவன மாதிரி ஆளு கெடைக்குமா? கெடைக்காதவனுக்குப் புக்குதான் சொல்லணும்."

அவர் சொன்னது சரி. எனக்கும்தான் இப்போது ஆள் இல்லை. ஆனாலும் ஜெராக்ஸ் புத்தகத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

பையிலிருந்து நோட்டு ஒன்றை எடுத்தார். குழிமுழுங்கியைப் பற்றி அண்ணன் சொன்னதையெல்லாம் எழுதி வைக்கிறாராம், ஆறு பக்கம் ஆக்கப் போகிறாராம். பச்சைத் தண்ணீர் இருந்தது. தங்கச்சி இருந்தாள். எனக்குத் தெரியாத இரண்டு விஷயங்களும் இருந்தன. அவை என்ன என்று நான் கேட்கவில்லை.

"ஒண்ணு மட்டும் புடிபடல" என்றார். "சிப்பிக்கல்ல ஏன் தாண்டாது? கேட்டேன். சிரிச்சுட்டு, அது புக்குல இல்லடான்னுட்டான். ஒனக்கு எதுனா தெரியுமா?"

எனக்கு ஏழு வயதில் குவாரியில் வெடி வைத்தால் வீடு அதிரும். நான் அலறுவேன். அண்ணன் சோளக்காட்டில் உழவில் புரண்டு வரும் சிப்பிக்கல்லை டவுசர் பையில் பொறுக்கி வந்து, என் பாயைச் சுற்றி வரிசையாக வைப்பான். இதத் தாண்டி எதுவும் வராது, தூங்கு என்பான். கால் பட்டுக் கலைந்தால் மறுபடி அடுக்குவான்.

அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கண் கலங்கித்தான் இருந்தது, அவருக்கும். சொல்லியிருக்கலாம்.

"தெரியலங்க" என்றேன்.

நோட்டில் இரண்டு வரி இடம் விட்டு, கீழே எழுத ஆரம்பித்தார்.

"ஞாபகம் வந்தா சொல்லு, தங்கச்சி. எழுதிக்கிறேன்."

"சரிங்க" என்றேன். சொல்ல மாட்டேன். அந்த இரண்டு வரி அப்படியே கிடக்கட்டும்.