ஒற்றை விசில்

என் மேசை இழுப்பறையில் ஒரு விசில் கிடக்கிறது. பூச்சு தேய்ந்து பித்தளை தெரியும். ஊதும் இடத்தில் பல் தடம். எங்கள் கராத்தே மாஸ்டருடையது. ஆறு வருஷமாக என்னிடம் இருக்கிறது, ஒரு முறைகூட ஊதியதில்லை.

மாஸ்டர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் ஓயாமல் போய்வந்த மனுஷர், போகிற வழியெல்லாம் கிளப் ஆரம்பித்தார். முதலில் விழுப்புரத்தில் மூட்டை தூக்கும் நாலு பேரை வைத்துத் தொடங்கினார். மயிலத்தில் ஏறும் கல்லூரிப் பெண்களிடம் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "தெனமும் எவனாவது இடிச்சிக்கினேதான் வர்றான். ஒருநாள் வந்துதான் பாருங்களேன்" என்பார். வழியை விட்டுத் தள்ளியிருக்கும் காணையில்கூட, கரும்பு வெட்டு முடிந்தால்தான் ஆள் வரும் என்று தெரிந்து, அதற்கேற்ப வகுப்பை மாற்றிக்கொண்டார். திண்டிவனத்தில் மருந்துக் கடையில் வேலை பார்த்த நானும் அவர் பஸ்ஸில் பிடிபட்டவள்தான். சில வருஷத்தில் திண்டிவனம் கிளப்பை என் கையில் கொடுத்துவிட்டு, ஞாயிறு தோறும் வந்து பார்த்துப் போனார்.

ஜப்பான் கட்டளைகள் எங்கள் வாயில் நுழையவில்லை. அதனால் அவர் பஸ் பாஷையையே வைத்துவிட்டார். இரட்டை விசில் என்றால் தொடங்கு, ஒற்றை விசில் என்றால் நிறுத்து. குதிரை நிலையில், கால் அகற்றி முழங்கால் மடித்து, சுவரைப் பார்த்து நிற்போம். அவர் எங்கள் முதுகுக்குப் பின்னால் நடப்பார். ஒற்றை விசில் வரும்வரை அசையக்கூடாது, திரும்பக்கூடாது. சோதிப்பதற்காகச் சில சமயம் தன் தோல்பையைத் தரையில் தொப்பென்று போடுவார். திரும்பியவர் ஒரு மாசம் கடைசி வரிசையில் நிற்க வேண்டும். நான் ஒருநாளும் திரும்பியதில்லை. அதில் எனக்குத் தலைகொள்ளாத கர்வம்.

அந்த ஞாயிறு காலையும் சுவரைப் பார்த்துத்தான் நின்றோம். பின்னால் தொப்பென்று சத்தம் கேட்டது. பை விழும் சத்தம் இல்லை அது. எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் திரும்பவில்லை. விசில் வரவில்லை. தொடை நடுங்கியது, வேர்வை கண்ணில் இறங்கியது, இன்றைக்குச் சோதனை பெரிசு என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். சர்க்கரை குறையட்டும் என்று முந்தின வாரம்தான் சேர்ந்திருந்த தையல்காரர் ஒருவர், கால் தாங்காமல் திரும்பிவிட்டார் போலிருக்கிறது.

"யம்மா, மாஸ்டர் கீழ கெடக்குறாருமா!"

"திரும்பாதீங்கண்ணே. அப்படியே நில்லுங்க" என்றேன், சுவரைப் பார்த்தபடியே.

அவர் மறுபடி கத்தியபோதுதான் திரும்பினேன். மாஸ்டர் ஒருக்களித்துக் கிடந்தார். விசில் உதட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. ஊதத்தான் எடுத்திருக்கிறார்.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான்: "எப்ப விழுந்தாரு?" வகுப்பில் இருபது பேர் நின்றிருந்தோம். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அன்று சாயங்காலம் அவர் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது அவர் மனைவி விசிலை என் கையில் வைத்தார். "இது உங்கிட்டதான் இருக்கணும்மா. திண்டிவனத்துல ஒருத்தி இருக்கா, இடி விழுந்தாலும் திரும்ப மாட்டான்னு சொல்லிக்கினே இருப்பாரு" என்றார். அந்த அம்மாவிடம் நான் எதைச் சொல்வேன்? வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்றுவரை சொல்லவில்லை. இங்கே எழுதுவதுதான் முதல் தடவை.

இப்போது என் வகுப்பில் விசில் கிடையாது. பிள்ளைகள் என்னைப் பார்த்து நிற்பார்கள், கை தட்டித்தான் நிறுத்துகிறேன். மற்ற ஊர்க் கிளப்புகளில் பழைய பழக்கம் அப்படியே நடக்கிறது. போன மாசம் எல்லா ஊர்க்காரர்களும் சேர்ந்து விழுப்புரத்தில் ஒரு வகுப்பு வைத்தார்கள். மூத்தவள் என்று என்னை முதல் வரிசையில் நிறுத்தினார்கள். காணை கிளப்பை நடத்தும் தம்பி இரட்டை விசில் கொடுத்துவிட்டுப் பின்னால் போனான். மடித்த காலோடு சுவரைப் பார்த்து நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. திரும்பிவிட்டேன்.

அவன் நல்லபடியாகத்தான் நின்றுகொண்டிருந்தான், வாயில் விசிலோடு. "இன்னாக்கா, நீங்களே திரும்பிட்டீங்க?" என்று சிரித்தான்.

"ஆமாண்டா" என்று சொல்லிவிட்டு, சட்டப்படி கடைசி வரிசைக்கு நடந்தேன். அறுபது எழுபது முதுகுகள். ஒருவர்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். விசிலை வாய்வரைக்கும் கொண்டுபோனேன். அவர் பல் பதிந்த இடத்தில் என் பல் பட்டது. திரும்ப உள்ளேயே வைத்துவிட்டேன், இன்னும் ஊதவில்லை.