மடித்து வைத்த கலியாணப் படம்

சனிக்கிழமை காலையில் வீட்டிலுள்ள எல்லோருடைய சப்பாத்துகளையும் துடைப்பது நீக்கிலாஸின் வேலை. யாரும் கொடுத்த வேலையல்ல. தை மாதத்தில் பனி உருக வீதியில் கொட்டுகிற உப்பு, தோலில் வெள்ளைக் கோடாகப் படிந்துவிடும். ஒரு கிண்ணத்தில் பாதி தண்ணீர், பாதி வினாகிரி, ஒரு பழைய பெனியன் துண்டு. எழுபத்தொன்பது வயதில் குந்தியிருக்க முழங்கால் விடாது. பேஸ்மென்ற் படியில் இருந்துகொண்டு துடைப்பார்.

"மருமகன் காரிலதானே போறார். ஆர் அவற்ற காலைப் பாக்கப் போயினம்?" என்றாள் மனைவி அருள்மலர், உடுப்பு மடித்தபடி.

"சப்பாத்தைப் பாத்தா ஆளைத் தெரியும்."

"ஓம், ஓம். உங்களை இஞ்ச எல்லாருக்கும் தெரிஞ்சுதானே கிடக்கு."

முப்பத்தைந்து வருடமாக இந்த நகரத்தில் அவர் 'கப்பல் அங்கிள்'. ஊரில் கப்பல் கொம்பனியில் இருந்தவர் என்று யாரோ கேட்டு யாரோ சொன்னது; அவர் திருத்தவில்லை. அஜின்கோர்ட்டில் ஒரு கொண்டோ அடுக்குமாடி வாசலில் பதினெட்டு வருடம் செக்கியூரிட்டியாக நின்றார். பார்சல் வாங்கி வைத்தார், கதவு திறந்தார். அவருடைய கையெழுத்து அழகாக இருக்கிறது என்று ஒரு சீனப் பெண்மணி சொன்னதைத் தவிர அங்கே அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை.

அதற்கு முன் அவர் இலங்கைக் கடற்படையில் கொமாண்டர். இருபது வயதில் மன்னாரிலிருந்து போய்ச் சேர்ந்தவர். திருகோணமலையில் பயிற்சி, பிறகு பன்னிரண்டு வருடம் சின்னக் கப்பல்களில் அலைச்சல். பாக்குநீரிணையில் எந்த மணல்திட்டு எந்த மாதம் நகரும் என்று வரைபடம் பார்க்காமலே சொல்வார். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் ஒரு மேசை வேலை. தமிழர் கூடும் மண்டபத்தில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? சொல்லாமலே இருந்து பழகிவிட்டது.

மேலே கதவு திறந்தது. மகள் றெஜினா இறங்கி வந்தாள். அடுத்த சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் தாய் தகப்பனுடைய ஐம்பதாவது கலியாண நாள். பெரிய திரையில் படங்கள் காட்ட வேண்டும் என்று, வரவேற்பறைச் சுவரில் தொங்கிய கலியாணப் படத்தைக் கழற்றிப் பிரதி எடுக்கப் போயிருந்தாள். சுவரில் தெரிந்தவை இரண்டு முகங்கள் மட்டுமே.

"அம்மா, உது மடிச்செல்லோ கிடக்கு," என்றாள். "சட்டத்துக்குப் பின்னால முக்கால்வாசி."

படத்தை உடுப்பு மேசையில் விரித்தாள். தேவாலய வாசல். அப்பா வெள்ளைச் சீருடையில். இரண்டு பக்கமும் மூன்று மூன்று அதிகாரிகள் வாளுயர்த்தி நிற்க, அந்த வாள்களுக்குக் கீழே மணமக்கள். வலது ஓரத்தில், மாப்பிள்ளையின் தொப்பியைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஒரு பெடியன் வாய் முழுக்கச் சிரிக்கிறான். மடிப்புக் கோடு அவன் தோளுக்குப் பக்கத்தால் போகிறது.

"இது சீமோன் மாமாவே?"

அருள்மலர் கையிலிருந்த துவாயை மடித்து முடித்தாள். "ஓம்."

"பிலோமினா மாமி எத்தினை தரம் கேட்டவ! ஒரு படமும் இல்லையோ எண்டு. அடையாள அட்டைப் படம் ஒண்டுதான் கிடக்கு, அதிலயும் முகம் அழிஞ்சு போச்செண்டு. நீங்கள் இல்லை எண்டனீங்கள்."

"ஊரால வெளிக்கிடேக்க, இயக்கச் சோதனையில சீருடை தெரிஞ்சா ஆபத்தெண்டு மடிச்சனான். மடிக்கேக்க அவன் பின்னால போறது எனக்குத் தெரியும்."

"இஞ்ச வந்தாப் பிறகாவது குடுத்திருக்கலாமே. மாமாவை மட்டும் வெட்டி எண்டாலும்."

"வெட்டலாம். தொப்பியை எப்பிடி வெட்டுறது?"

றெஜினாவுக்கு விளங்கவில்லை. நீக்கிலாஸுக்கு விளங்கியது. கையிலிருந்த சப்பாத்தைக் கீழே வைத்தார்.

எண்பத்தைந்து மாசியில் அருள்மலரின் தம்பி பெண்சாதியிடமிருந்து அவருடைய மேசைக்கு ஒரு தந்தி வந்தது. 'சீமோன் கடலால் வரவில்லை. தேடவும். பிலோமினா.' அவர் மேலதிகாரிக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார், விதிப்படி மூன்று பிரதி, திட்டுகளின் பெயர்களோடு, நீரோட்டக் கணக்கோடு. எழுதி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். தொலைபேசி அவருடைய முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. மன்னாரில் ரோந்துப் படகுகளுக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி அவரோடு பயிற்சி எடுத்தவன். பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். அப்படிக் கேட்பது முறையல்ல என்று நினைத்தார். கடிதம் யாரோ ஒருவருடைய தட்டில் இரண்டு நாள் கிடந்தது. மூன்றாம் நாள் அனுமதி வந்தபோது காற்று மாறியிருந்தது. தேடினார்கள். ஒன்றும் இல்லை. புயலா, வேறேதுமா, இன்றுவரை யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் அவர் வேலையை விட்டார்.

பிலோமினா இப்போது மகனோடு பக்கத்து ஸ்ரௌவ்வில்லில் இருக்கிறாள். பெருநாளுக்கு வருவாள், சாப்பிடுவாள், மச்சாள் அருள்மலரோடு சிரித்துக் கதைப்பாள். தந்தியைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

"சனிக்கிழமை மாமி முன் மேசையில இருப்பா," என்றாள் றெஜினா. "அதுக்கு முதல் அவவிட்டக் குடுக்க வேணும். ஆர் குடுக்கிறது?" படத்தை மேசையிலேயே விட்டு, "நீங்கள் ரெண்டு பேரும் கதையுங்கோ," என்று மேலே போய்விட்டாள்.

நீக்கிலாஸ் எழுந்து வந்து படத்தில் சீமோனைப் பார்த்தார். தொப்பி அவனுக்குப் பெரிது, காதில் இறங்கியிருந்தது.

"இவனை என்ர தொப்பியோட கண்டா அவ தந்தியைப் பற்றிக் கேப்பா," என்றார்.

"கேக்கட்டுமன். கேக்கத்தானே வேணும்."

"நான் ஒரு கடிதம் எழுதி, படத்தோட வைச்சு, அவவின்ர மகனிட்டக் குடுத்துவிட்டால்..."

அருள்மலர் நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை, களைப்புத்தான். "பிறகும் கடிதமோ?"

அவர் கைகளைப் பெனியன் துண்டில் துடைத்தார். வினாகிரி மணம் போகவில்லை.

"அப்ப, அருள், அவவின்ர முகத்தைப் பாத்து நான் என்னெண்டு சொல்லுறது? நீரே சொல்லுமன்."

அவள் மடித்த உடுப்புகளைக் கூடையில் அடுக்கிவிட்டு, படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, படியில் வரிசையாக இருந்த சப்பாத்துகளை மிதிக்காமல் ஒவ்வொரு படியாக ஏறிப் போனாள்.