சிரோ உரோமம் உதிர்த்த கச்சான் காலம்

கையோடு ஒரு கொத்து வெள்ளை உரோமம் கழன்று வந்தபோது வதனி பயந்துபோனாள். நாயின் முதுகை மறுபடி தடவினாள். இன்னொரு கொத்து வந்தது. மேற்கேயிருந்து அடிக்கும் கச்சான் காற்று அதை அவள் கையிலிருந்து பறித்துப் பக்கத்துத் தகரக் கொட்டிலுக்குள் கொண்டுபோய்ப் போட்டது.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, திராய்மடு. கடல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போன பிறகு நாவலடி ஆட்களை அங்கேதான் குடியேற்றியிருந்தார்கள். வதனி தனியாக இருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவளுடைய புருஷன் ஜெயரூபன் கரையில் வலையிலிருந்து மீன் பொறுக்கிக்கொண்டு நின்றவன், ஆளே கிடைக்கவில்லை. மகளை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஓடினாள். இரண்டாவது அலை பிடியைப் பிரித்துவிட்டது. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை.

பிறகு, உப்பேறிய கிணறுகளைத் துப்புரவாக்க வந்த ஒரு ஜப்பான் நிறுவனத்தின் வீட்டில் சமையல் வேலை கிடைத்தது. அங்கே கியோக்கோ என்ற பொறியியலாளர் கொழும்பிலிருந்து ஒரு குட்டியை வாங்கிக்கொண்டு வந்தாள். ஜப்பான் ஸ்பிட்ஸ் சாதி. கூரான காது, கரிய மூக்கு, உடம்பெல்லாம் பஞ்சு. வெள்ளை என்று பொருள்படும்படி ஷிரோ என்று பேர் வைத்தாள். வதனியின் வாயில் அது சிரோ ஆயிற்று.

வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் சண்டை மூண்டு, பட்டணத்திலிருந்து ஷெல் போகும் சத்தத்தில் யன்னல்கள் அதிரத் தொடங்கியதும் வெளிநாட்டு ஆட்களைத் திருப்பி அழைத்தார்கள். கியோக்கோ அழுதுகொண்டே குட்டியை வதனியின் மடியில் வைத்தாள். "இனி உங்கட பிள்ளை," என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறினாள். ஷெல் சத்தம் கேட்கும்போதெல்லாம் சிரோ வதனியின் பாய்க்குள் புகுந்து நடுங்கும். அவளும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடப்பாள். யார் யாரைத் தேற்றினார்கள் என்று சொல்வது கடினம்.

அந்தக் குட்டிதான் இப்போது, வயது ஒன்றை எட்டும் நேரத்தில், கொத்துக் கொத்தாக உதிர்த்துக்கொண்டு நின்றது. தொடையில் திட்டுத் திட்டாக, கழுத்தில் கிழிந்த தலையணை மாதிரி. பார்க்கவே கண்றாவியாக இருந்தது.

பக்கத்துக் கொட்டில் தனுஷாவின் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் சிவப்புச் சிவப்பாய்ப் பொரிந்திருந்தது. அவள் சோற்றுப் பானைக்குள் விழுந்த உரோமத்தை எடுத்துக்கொண்டு வேலிக்கு வந்தாள்.

"இஞ்ச பாருகா! உன்ட சொறி நாயால என்ட புள்ளைக்கும் வந்திட்டு. இதக் கொண்டுபோய் எங்கயாவது விடு!"

பின்னேரம் குடியிருப்புத் தலைவர் சீனித்தம்பி வந்தார். கெட்ட மனுசன் இல்லை. ஆனால் சனம் நெருங்கிக் கிடந்த இடத்தில் நோய் பரவிவிடும் என்ற பயம் அவருக்கு.

"தங்கச்சி, இது விசர் பிடிச்ச நாயாக்கூட இருக்கலாம். நாளைக்குப் பின்னேரம் ஆக்களோட வாறன். நீ வீட்டுக்குள்ள இரு, பார்க்கத் தேவையில்ல."

"நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் ஒருத்தரும் தொடப்படாது," என்றாள் வதனி. "அதுக்குள்ள இது என்னெண்டு நான் அறிஞ்சிட்டு வாறன். விசரெண்டா நானே உங்கட கையில தாறன்."

விடிந்ததும் சிரோவை ஒரு பன்புல் பைக்குள் இருத்தி, தலை மட்டும் வெளியே தெரியத் தோளில் மாட்டினாள். பஸ் கொண்டக்டர் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டான். பட்டணத்து மிருக ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். சோதனைச் சாவடியில் ஒரு இளம் ஆமிக்காரன் பையைத் திறக்கச் சொன்னான். திறந்ததும் காற்றுக்கு எழும்பிய உரோமம் அவனுடைய பச்சைச் சட்டையெல்லாம் ஒட்டிக்கொண்டது. அவன் தும்மினான், மறுபடியும் தும்மினான், பிறகு சிரித்துக்கொண்டு போ என்று கை காட்டினான்.

மிருக வைத்தியர் ஹலீம் ஏறாவூர்க்காரர். சிரோவை மேசையில் ஏற்றி, உரோமத்தை விலக்கி விலக்கித் தோலைப் பார்த்தார். காதுக்குள் பார்த்தார். வதனி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொறியுதா? கடிச்சுக் கடிச்சுப் புண்ணாக்குதா?"

"இல்ல டொக்டர். நல்லாத் தின்னுது, ஓடுது. மயிர்தான் கொட்டுது. பக்கத்துக் கொட்டில் புள்ளைக்கு உடம்பு பொரிஞ்சிருக்கு, இதாலதானெண்டு சொல்லுறாங்க. நாவிதரைக் கொண்டு முழுசாச் சிரைச்சு விடுவமா எண்டு யோசிச்சன்."

"அந்த வேலை மட்டும் பாக்காதங்க!" ஹலீம் பதறினார். "இது குளிர் நாட்டுச் சாதி தங்கச்சி. உள்ளுக்குப் பஞ்சு மாதிரி ஒரு அடுக்கு இரிக்கி, மேல நீட்டு மயிர் ஒரு அடுக்கு. வெயிலையும் அதுதான் மறிக்கும். இப்ப குட்டி மயிர் கொட்டி, வளந்த நாய்ட மயிர் வருகுது. இந்தா, தோலைப் பாருங்க, ஒரு காயமில்ல. நோயில்ல இது, வளர்த்தி."

வதனி குனிந்து பார்த்தாள். இளஞ்சிவப்புத் தோலில் ஊசி முனை மாதிரிப் புது உரோமம் முளைத்திருந்தது. கடல் வந்த நாளுக்குப் பிறகு ஒரு நல்ல சேதியைக் கேட்டு அவள் அழுதது அன்றுதான்.

"இனி ஒவ்வொரு வருசமும் இப்பிடிக் கொட்டும். அடிவரைக்கும் சீப்புப் போகோணும், ஒவ்வொரு நாளும். வாரின மயிரைக் காத்தில விடாம எடுத்துப் புதைங்க. அந்தப் புள்ளையையும் ஆசுவத்திரிக்குக் காட்டச் சொல்லுங்க." விசர் நாய்த் தடுப்பூசியும் போட்டுவிட்டார்.

பின்னேரம் சீனித்தம்பி சுருக்குக் கயிற்றோடு இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். வதனி வீட்டுக்குள் இருக்கவில்லை. எல்லோரும் தண்ணீர் எடுக்கும் பைப்படியில் சிரோவை நிறுத்தி, பேன் சீப்பால் வாரிக்கொண்டிருந்தாள்.

"அண்ணன், உங்கட கையால விலக்கிப் பாருங்க. ஒரு புண் கண்டா இப்பவே கொண்டு போங்க."

சீனித்தம்பி தயங்கித் தயங்கிக் கையை வைத்தார். டொக்டர் சொன்னதை வதனி ஒன்றும் விடாமல் சொன்னாள். புது உரோமம் முளைத்த இடத்தையும் காட்டினாள். அவர் கயிற்றைச் சுருட்டிக் கூட வந்தவனிடம் கொடுத்தார். "சரி. மயிர் முளைக்கட்டும், பாப்பம். ஆனா கட்டிப் போட்டு வைக்கோணும்."

அதன்பிறகு நாள் தவறாமல் அதே பைப்படியில், அதே சனத்தின் முன்னால் அவள் வாரினாள். சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். அவள் நிறுத்தவில்லை. தன் வளவைக் கூட்டிய கையோடு தனுஷாவின் முற்றத்தையும் கூட்டினாள். தனுஷா திட்டினாலும் கூட்டினாள். குழந்தைக்கு வந்தது வேர்க்குரு என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு தனுஷா வேலியடிக்கு வந்து, "கோபத்தில கத்திப்போட்டன் அக்கா," என்றாள். "தாய்க்காரிக்கு வாற கோபந்தானே," என்றாள் வதனி.

மாரி மழை தொடங்கும்போது சிரோ வேறு நாயாக நின்றது. கழுத்தைச் சுற்றிப் பிடரி, அடர்ந்த வால், மழைத்துளி உருண்டு விழும் வெள்ளை. தண்ணீருக்கு வந்த சனம் குடத்தை வைத்துவிட்டுப் பார்த்தது.

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் சண்டை முடிந்ததென்று றேடியோ சொன்னது. றோட்டில் வெடி கொளுத்தினார்கள். கொட்டில்களில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சண்டை நடந்த வன்னிக்குப் போன பிள்ளைகளின் சேதி தெரியாத வீடுகள் அங்கே எத்தனையோ. வதனி அன்று அந்த வீடுகளுக்குத் தேநீர் ஊற்றிக் கொண்டுபோனாள்.

அந்த வருசம் டொக்டர் ஹலீம் ஆளனுப்பி வதனியைக் கூப்பிட்டார். படுவான்கரைக்குத் திரும்பிய சனத்தின் ஊர்களில், சண்டைக் காலத்தில் கைவிடப்பட்ட நாய்கள் காட்டு நாய்களாகித் திரிந்தன. தடுப்பூசி போடப் பிடித்துத் தரும் ஆள் வேண்டும். நாய்க்குப் பயப்படாத, பொறுமையான ஆள்.

"ஆம்பிளையள் கயிறோட ஓடினா அதுகள் காட்டுக்குள்ள பாயுதுகள். நீங்க வாறீங்களா?" என்று கேட்டார் ஹலீம்.

"ஓம், வாறன்," என்றாள் வதனி.

உன்னிச்சைக் குளக்கட்டில் முதல் நாள். எலும்பும் தோலுமான ஒரு பெட்டை நாய், பாலைமரத்து வேருக்குள் குட்டிகளை மறைத்துக்கொண்டு பல்லைக் காட்டியது. கூட வந்தவர்கள் பின்வாங்கினார்கள். வதனி சோற்று உருண்டையைத் தன் முன்னால் வைத்து, மண்ணில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். வெயில் ஏறியது. நாய் உறுமுவதும் ஒதுங்குவதுமாக இருந்தது.

"இது வராது, அடுத்ததப் பாப்பம்," என்றார் ஒருவர்.

"நீங்க போங்க. நான் இதை முடிச்சிட்டு வாறன்."

மத்தியானம் கடந்து நாய் ஊர்ந்து வந்து சோற்றில் வாய் வைத்தது. வதனி அவசரப்படவில்லை. அது முழுவதும் தின்று முடிக்கும்வரை பார்த்திருந்து, பிறகுதான் கையை நீட்டினாள்.